கண்ணாடி அலமாரியில் ஒரு கெண்டி

வானளாவிய கட்டடங்களை எழுப்பிய ஒரு கட்டடக் கலைஞர், ஆசைக்கு ஒரு தேநீர்க் கெண்டியும் வடிவமைத்தார். அந்த மாதிரி சாமான்களைத் தேடித் தேடிச் சேர்க்கும் வேதமுத்து, அதை வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

வீட்டுக்கு யார் வந்தாலும், "இதிலேயே டீ குடுங்களேன்" என்பார்கள்.

"ஐயோ, அது அபூர்வமான சாமான். பார்க்க மட்டும்தான்" என்பார் அவர்.

கெண்டிக்கு வயிறு எரியும். ஒருநாள் மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரிடம் புலம்பித் தீர்த்துவிட்டது.

"தினமும் உன்னைக் கையில எடுக்கிறார். என்மேல மட்டும் அவருக்குத் துளி நம்பிக்கை இல்ல."

டம்ளர் தயங்கியது. "நீ வந்த அன்னிக்கு உன்னைச் சாய்ச்சு எனக்கு டீ ஊத்தினாரே, ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? எவ்வளவு அழகா ஊத்தினேன்!"

"எனக்குள்ள பாதிதான் விழுந்துச்சு. மீதி உன் மூக்குக்குக் கீழே ஒழுகி, கொதிக்கக் கொதிக்க அவர் மடியில. வீட்டம்மா பதறி ஓடிவந்தாங்க. 'என் கைதான் தவறிடுச்சு'ன்னுட்டார். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டேயும் மூச்சு விடல."

கெண்டி வெகுநேரம் தன் வளைந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளி, உரிமையோடு அலமாரியைத் திறந்து கெண்டியின் மூடியில் கைவைத்தார். வேதமுத்து பதறி வாயைத் திறப்பதற்குள், கெண்டி தன் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.