எதிர்க் கட்டில்காரன்

“வண்டியைத் திருப்பு, நேடின். வெண்டல் வந்திருக்கான்.”

உணவக வாசலில் நின்ற பச்சை வேனைப் பார்த்ததும் ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேடின் திருப்பவில்லை. இன்ஜினை அணைத்தார்.

“பழைய ஆஸ்பத்திரியை இடிக்கப் போறாங்கன்னு வார்டுக்காரங்க எல்லாம் ஒருதரம் கூடுறீங்க. இத்தனை வருஷம் கழிச்சும் அந்த மனுஷன் மேல கோபமா?”

“அந்த வார்டுல நீயா படுத்திருந்தே? நான் படுத்திருந்தேன்.”

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வருஷம் டென்வரில் பனி தீரவே இல்லை. எட்டுக் கட்டிலுக்கும் ஒரே ரேடியோ. கால்பந்து ஆட்டம் வந்தால் நர்சுகளும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கண்ணை மூடினால் அந்த வார்டின் சோப்பு வாசனை ராய்ஸுக்கு இன்றும் வரும்.

குதிரை தூக்கி எறிந்ததில் கழுத்தெலும்பு முறிந்து வந்து சேர்ந்திருந்தார். வயது இருபத்திரண்டு. கால்களும் கைவிரல்களும் செயலிழந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டார். மூத்திரப்பை நிறைவதும் தெரியவில்லை, காலி செய்யவும் முடியவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து, மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தி மூத்திரத்தை எடுத்துவிட வேண்டும்.

“இதை நானே செய்யக் கத்துக்கிட்டாத்தான் நமக்குக் கல்யாணம். உன்னைச் செய்ய விடமாட்டேன்” என்று நேடினிடம் சொல்லிவிட்டார். நேடின் அழுது பார்த்தார். சண்டை போட்டுப் பார்த்தார். ராய்ஸ் அசையவில்லை.

ஆனால் விரல்கள் மடங்கினால்தானே? மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல் நுனிகள் தாமாகக் கொஞ்சம் சேரும். அந்த இடுக்கில்தான் குழாயைப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் வழுக்கும். கீழே விழும். வேறு குழாய் வரும். அதுவும் விழும்.

உடனே, கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்ட திரைக்கு அந்தப் பக்கமிருந்து எதிர்க் கட்டில் வெண்டலின் குரல் கேட்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு இடுப்புக்குக் கீழேதான் போயிருந்தது. கை இரண்டும் இரும்பு மாதிரி உறுதி.

“என்னடா, விழுந்துடுச்சா? நர்ஸம்மாவையே கூப்பிடு. ஆயுசுக்கும் அவங்கதான் உனக்குப் பொண்டாட்டி!”

வார்டே சிரிக்கும். பக்கத்துக் கட்டில் ஆர்ச்சி மட்டும் சிரிக்க மாட்டார்.

“விடு தம்பி. உடம்பைப் போட்டு வருத்திக்காதே. நர்சுங்க எதுக்கு இருக்காங்க?” என்பார் மெல்ல. அந்தக் குரலைக் கேட்டாலே ராய்ஸுக்குக் கண் கலங்கிவிடும்.

பந்தயத்தைக் கிளப்பியதும் வெண்டல்தான். பனி கரைவதற்குள் ராய்ஸ் தானாகச் செய்துகொள்வானா, மாட்டானா? பணயம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு வரும் சாக்லேட் புட்டிங்.

“உன்னால முடியாதுன்னு என் புட்டிங் அத்தனையும் கட்டிட்டேன்டா. என்னைக் கவுத்துடாதே!”

அந்த ஆத்திரம் ராய்ஸைத் தூங்கவிடவில்லை. இவன் தோற்க வேண்டும், அவ்வளவுதான். கையில் வெறும் குழாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பழகினார்.

ஒருநாள் காலை குழாய் நழுவவில்லை. பாத்திரத்தில் விழுந்த அந்தச் சத்தத்துக்கு நிகராக எந்த இசையையும் அவர் பிறகு கேட்டதில்லை.

“திரையைத் திறங்க!” என்று கத்தினார்.

எதிரே வெண்டல் தலையில் அடித்துக்கொண்டார். “அடப்பாவி! என்னை மொட்டையடிச்சுட்டியேடா!”

அந்த வாரமே ராய்ஸ் வீட்டுக்குப் போனார். ஜூனில் கல்யாணம்.

“இறங்கு. ஆர்ச்சிக்காகவாவது வா” என்றார் நேடின், வண்டியிலிருந்து அவருடைய சக்கர நாற்காலியை இறக்கியபடி.

உள்ளே போனதும் ராய்ஸ் ஆர்ச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வெண்டலுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ராய்ஸுக்கும் வெண்டலுக்கும் நடுவே நேடின் உட்கார்ந்தார்.

சாப்பாடு வந்தது, பழைய கதையும் வந்தது. ராய்ஸ் விடவில்லை.

“புட்டிங் போச்சேன்னு அன்னைக்கு இவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!”

“பின்னே? வயித்துல அடிச்சுட்டியே!” என்று வெண்டல் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, என் டேங்கைக் காலி பண்ற நேரம். என் தட்டுல எவனும் கை வைக்காதீங்க.” நாற்காலியை உருட்டிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார்.

ராய்ஸ் ஆர்ச்சியின் தோளில் கை போட்டார். “அந்த வார்டுல எனக்கு ஆறுதலா இருந்தது நீங்க ஒருத்தர்தான் ஆர்ச்சி. அவன் தோத்தான் பாருங்க, அதுல இன்னும் எனக்குச் சந்தோஷம்.”

ஆர்ச்சி முள்கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சுருங்கியது.

“தோத்தானா? நீ போனப்புறம் எங்க எல்லார் புட்டிங்கையும் மாசக்கணக்கா அவன்தான் தின்னான்.”

“அதெப்படி? நான் தோப்பேன்னுதானே கட்டினான்?”

“உன்கிட்ட அப்படிச் சொன்னான். யாராவது வாயைத் திறந்தா பல்லை உடைப்பேன்னு எங்ககிட்டச் சொன்னான்.”

நேடினின் கை மெல்ல ராய்ஸின் கையைப் பற்றியது.

ஆர்ச்சி தட்டையே பார்த்தபடி சொன்னார்: “நீ தோப்பேன்னு கட்டினது நாங்கதான் தம்பி. முதல்ல கட்டினவன் நான். நீ ஜெயிப்பேன்னு கட்டினது அவன் ஒருத்தன்தான்.”