எதிர் நாற்காலி

கோத்தகிரி நூலகத்தில் குளிர்காலம்தோறும் குரல் சேமிக்கும் வகுப்பு இலவசமாக நடக்கும். நாம் போன பிறகும் வீட்டாரோடு பேசுவதற்கு, நம் பேச்சைக் கருவிக்குப் பழக்கும் வகுப்பு அது. குரல் கொடுப்பவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற ஒருவரை மட்டுமே கருவி அறிந்துகொள்ளும்; பிறகு யார் பேசினாலும் அவராகவே எடுத்துக்கொள்ளும்.

என் மனைவி செண்பகவல்லி, வகுப்பு நடந்த ஆறு சனிக்கிழமைகளும் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு மணி நேரந்தாங்க. ஸ்வெட்டர் எடுத்து வெச்சிருக்கேன்."

"நாப்பது வருஷமா உங்கூடதானே பேசறேன். அங்க வந்து வேற பேசணுமா?" என்று சொல்லிவிட்டு, போர்வைக்குள்ளிருந்தபடி கிரிக்கெட் பார்த்தேன்.

நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்து, நூலகர் மெர்சியே அதில் உட்கார்ந்தாராம்.

மாசியில் செண்பகா இறந்துபோனாள். அடுத்த மார்கழியில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். மெர்சி கருவியை என் முன் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்.

"செண்பகா."

"வாங்க மெர்சி மேடம். அவருக்குக் குளிர் ஆகாதுங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுவாரு."

"நான்தான் செண்பகா. வந்துட்டேன்."

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு.

"வெளையாடாதீங்க மேடம். அவராவது, வர்றதாவது."