ஐந்து நொடி அவகாசம்

ஜப்பானின் ஹமமாட்சுவில் மூன்று நாளாக ஓயாத மழை. பிற்பகல் வெளிச்சம் காகிதக் கதவின் வழியே சாம்பல் நிறத்தில் கசிகிறது. தரையில் கிடத்திய இரும்பு வட்டத்தின் நடுவே, இயந்திரங்கள் மோதும் நாளைய சுமோ போட்டிக்காக யசுஹிகோ தம் கையாலேயே செய்த மூன்று கிலோ இயந்திரம் பதுங்கியிருக்கிறது. அடிவயிற்றுக் காந்தங்கள் அதை இரும்போடு இறுகப் பிடித்திருக்கின்றன. எதிரில் தென்படுவது எதுவாயினும் அதன்மேல் பாய்ந்து வெளியே தள்ளுவதன்றி வேறொன்றும் அது அறியாது. அதன் முன்தகட்டில் அவர் செய்தித்தாளைப் பட வைக்கிறார். தாள் ஓசையின்றி இரண்டாகிறது. இதற்கு விளையாட்டு என்று பெயர்!

"நான் முள்ளங்கி நறுக்க மொக்கைக் கத்தி. இதுக்கு மட்டும் இப்படித் தீட்டறீங்க!" என்கிறாள் மனைவி சிசுரு.

"நாளைக்கு ஜெயிச்சுட்டு வந்து உன் கத்தியையும் தீட்டறேன், போ."

அவர் பொத்தானை அழுத்துகிறார். அழுத்தியபின் ஐந்து நொடி இயந்திரம் அசையக்கூடாது என்பது போட்டி விதி. இருபது ஆண்டுகளாக இத்தகைய இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தும் சிசுருவுக்கும் அது தெரியும். வட்டத்தின் ஓரத்தில் அவர் வைத்துவிட்ட தேநீர்க் கிண்ணத்தை எடுக்க அவள் கையை நீட்டுகிறாள்.

"ஒண்ணு..."

சோதனை விரைவில் முடியட்டும் என்று காலையில் அந்த ஐந்தை ஒன்றாகக் குறைத்தது யசுஹிகோவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் வாய் திறப்பதற்குள் மோட்டார்கள் முனகத் தொடங்குகின்றன.

"ரெண்டு..." என்று அவள் சிரித்தபடி எண்ணுகையில், இயந்திரம் அவள் மணிக்கட்டை நோக்கித் திரும்பிவிட்டது.