இரண்டாவது அட்மின்

"உங்க பேரையும் அட்மினா போடச் சொன்னா..."

"வேண்டாம்னா விடேன். உன் பேரு ஒண்ணு போதும்!"

அச்சகத்தின் புதிய சர்வரில் இயங்குதளம் ஏற்றிக்கொண்டிருந்த டெக்னீஷியன், கணவன் மனைவி சண்டை முடியட்டும் என்று காத்திருந்தான். நேரம், மொழி, மெஷின் பெயர் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதை நிர்வகிக்கும் அட்மின் யார் யார் என்பது ஒன்றுதான் பாக்கி.

"சார், மேடம் இல்லாத அன்னிக்கு யாராலயும் எதையும் மாத்த முடியாது," என்றான்.

"நல்லா கேட்டுக்கோங்க! பாஸ்வேர்டுன்னாலே பத்தடி தள்ளி நிக்கிற மனுஷன்," என்றாள் மனைவி.

"நாளைக்கு நிதானமா பேசி முடிவு பண்ணுங்களேன், மேடம்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எனக்கு இருதய ஆபரேஷன்ப்பா."

கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ பேரு மட்டும் போடு, தம்பி. திரும்பி வந்து அவளே பார்த்துக்குவா."