ஓதிலியாவின் மகள்

கிரேன் லாரியின் முன்சக்கரத்துக்கு நேராக ஓதிலியா மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினான். அவள் அசையவில்லை.

எங்கள் தையல் கம்பெனி இருந்த கட்டடம், அடுக்கி வைத்த சோள ரொட்டி மாதிரி தளத்தின் மேல் தளமாகப் படிந்து கிடந்தது. நடுவில் பிதுங்கித் தொங்கியதெல்லாம் துணி. நாங்கள் தைத்த பாவாடைகள்.

1985 செப்டம்பர். வியாழக்கிழமை காலை மெக்சிகோ நகரம் ஆடியபோது முதல் ஷிப்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தது. துணி திருட்டுப் போய்விடும் என்று கதவை வெளியே பூட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். பஸ் கிடைக்காமல் பிந்தியவர்கள் மட்டும் தெருவில் நின்றோம்.

இப்போது திங்கட்கிழமை.

இத்தனை நாளும் ராணுவம் கட்டடத்தின் முன்னால் கயிறு கட்டி வைத்திருந்தது. ஆபத்தாம், யாரும் கிட்டே போகக்கூடாதாம். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று சொன்னோம். மேலிடத்து உத்தரவு வரவில்லை என்றார்கள்.

இன்று காலை அந்தக் கயிறு அவிழ்ந்தது. எங்களுக்காக இல்லை. கம்பெனி முதலாளி எஃப்ரயீன் கிரேனோடு வந்திருந்தார். மெஷின்களையும் இரும்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக.

மூலைக்கடை ரேடியோவில் ஒருவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த வருஷத்து உலகக் கோப்பைக்குத் தயாரான ஸ்டேடியங்களில் ஒரு கீறல்கூட இல்லையாம். நாடு நாடாக விமானங்கள் உதவியோடு வந்து இறங்குகின்றனவாம்.

எங்கள் தெருவுக்கு வந்தது இந்தக் கிரேன்தான்.

எஃப்ரயீன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "எழுந்திரும்மா. உள்ள யாரும் உயிரோட இல்ல. மழை வந்தா மெஷினெல்லாம் துருப்பிடிச்சிரும்."

"என் பொண்ணு உள்ள இருக்கா. முதல்ல அவ வெளியே வரட்டும். அப்புறம் உன் மெஷினை எடு."

பல வருஷமாக அவரை ஐயா என்று கூப்பிட்டவள். இன்றைக்குத்தான் முதல்முறையாக 'உன்' என்றாள்.

இரண்டு சிப்பாய்கள் அவள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். அவள் லாரியின் பம்பரைப் பற்றிக்கொண்டாள். ஒருவன் அவள் விரல்களைப் பிரிக்கக் குனிந்தான். அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள்.

அவன் துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான். நான் போய் அவள் பக்கத்தில் படுத்தேன். பிறகு என் பக்கத்து மெஷினில் தைக்கும் சோலேதாத். பிறகு மற்றவர்கள்.

வெளிநாட்டு டிவிக்காரன் ஒருவன் கேமராவை எங்கள் பக்கம் திருப்பினான். கேப்டன் அதைப் பார்த்தார். சிப்பாயைப் பின்னால் போகச் சொன்னார்.

"பொண்ணு பேர் என்ன?"

"எல்வீரா. நாலாவது மாடி, ஜன்னலோரம்."

"பெத்தவங்க கேக்குறீங்க, ஒரு மணி நேரம் விடறேன். அதுக்கு மேல முடியாது."

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கல்லூரி இளைஞர்கள் சிலர் வியாழக்கிழமையிலிருந்து காத்திருந்தார்கள். கையில் ரம்பம், வாளி, கார் ஜாக்கி. எலிபோல் நுழைந்து போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் இடிபாட்டின் மேல் நின்றவன் முஷ்டியை உயர்த்தினான். எல்லோரும் மூச்சை அடக்க வேண்டும் என்று அர்த்தம்.

லாரி எஞ்சின் நின்றது. ரேடியோவை அணைத்தார்கள். எஃப்ரயீன் மட்டும் இருமினார்.

உள்ளே யாரோ கம்பியில் தட்டினார்கள். ஒன்று. ஒன்று. பிறகு இரண்டு.

கேப்டன் ஒரு மணி நேரத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

வெயில் சாயும்போது, தட்டியவளை வெளியே கொண்டுவந்தார்கள். தலை முதல் கால்வரை சுண்ணாம்பு வெள்ளை. வெளிச்சம் படாமலிருக்கப் பாதி தைத்த பாவாடை ஒன்றால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். உதடு மட்டும் தண்ணீர் என்று அசைந்தது.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓதிலியாவிடம் வந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"உங்க பொண்ணு வந்துட்டாம்மா. போய்ப் பாருங்க. இனி வண்டிக்கு வழி விடுங்க."

ஓதிலியா முழங்கையை ஊன்றி எழுந்து ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள்.

அது தோமாசா. ஒஹாகா மலையிலிருந்து போன மாதம்தான் வேலைக்கு வந்தவள். ஸ்பானிஷ்கூடச் சரியாகப் பேச வராது. அவள் பெயரைச் சொல்லித் தேடிவர இந்த நகரத்தில் ஓர் ஆள் கிடையாது.

"இது என் பொண்ணு இல்ல" என்றாள் ஓதிலியா. மறுபடியும் சக்கரத்துக்கு நேராகப் படுத்தாள். "என் பொண்ணு இன்னும் உள்ளதான் இருக்கா."

எஃப்ரயீன் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கத்தினார். "பொய் சொல்றா. வேணும்னே பண்றா. இவளுக்கு எத்தனை பொண்ணு?"

கேப்டன் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இந்தம்மா பொண்ணு உள்ள இருக்கா?"

"இருக்கா" என்றேன் நான்.

"இருக்கா" என்றாள் சோலேதாத்.

கேப்டன் கல்லூரி இளைஞர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் மறுபடியும் உள்ளே நுழைந்தார்கள்.

எல்வீராவைச் சனிக்கிழமையே, சிப்பாய்கள் கண்ணில் படாமல் பின்பக்கச் சுவரை உடைத்து நாங்களே எடுத்துவிட்டோம். அப்போது அவள் விரல்கள்கூட விறைத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, குழியில் ஓதிலியா முதல் பிடி மண் போட்டாள். இரண்டாவது பிடி நான் போட்டேன். மூன்றாவது, சோலேதாத்.