பதினைந்து மார்க்

எங்கள் அரசுப் பள்ளியில் இப்போது பரீட்சை கிடையாது. வீட்டு நிலவரத்தை வைத்தே மார்க் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஏதாவது மாறினால், அந்தக் கணமே வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் மின்பலகையில் பிள்ளையின் மார்க்கும் மாறிவிடும். போன வாரம் பர்வீனின் அப்பாவுக்கு வேலை போனது; ஆறு குறைந்தது. முருகேஸ்வரி குடும்பம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாடகைக்குப் போனது, நான்கு குறைந்தது. நான் பாடம் நடத்துகிறேன். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொள்வதில்லை.

இன்று வேதியியல் வகுப்பின் நடுவே தர்ஷிகாவின் எழுபத்தெட்டு அறுபத்துமூன்றாக மாறியது. பிள்ளைகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மாவை நேற்றுதான் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா அங்கே துணைக்கு இருந்தார்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா வேலைக்குப் போகலைன்னு குறைச்சிருப்பாங்கம்மா."

"அதுக்கு ஆறுதான் மிஸ். அப்பாவே இல்லைன்னாலும் ஒன்பதுதான். பதினஞ்சுன்னா அம்மாதான்."

அவள் அழவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். திறக்காத டிபன் டப்பாவையும் எடுத்து வைத்தாள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"மிஸ், எட்டாம் வகுப்புப் பலகையை உடனே அணைக்கச் சொல்லுங்க. தங்கச்சி அங்க இருக்கா. எப்பவும் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பா. இன்னும் பார்த்திருக்க மாட்டா."