ஏழு நிமிஷத் தூரம்

"நீயே ஓட்டு" என்று சாவியை மனைவி ஆர்டிஸின் மடியில் போட்டார் லோவல்.

கோல்ஃப் மைதானத்தில் ஓடும் சின்ன வண்டிதான். ஃப்ளோரிடாவின் இந்த ஓய்வுக் குடியிருப்பில் கடைக்கும் சர்ச்சுக்கும் எல்லாரும் இதில்தான் போகிறார்கள். இருந்தும் ஆர்டிஸ் சாவியை உடனே எடுக்கவில்லை. சொந்த ஊரான மின்னசோட்டாவின் பனியில் வழுக்கிக் காரைப் பள்ளத்தில் இறக்கியவள், பதினோரு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

"எங்க போகணும்?"

"நாம வாங்கப் பாக்குற இந்த வீட்டுலேர்ந்து நேத்து பார்த்த செங்கல் கட்டடத்துக்கு. அங்கேர்ந்து திரும்ப இங்க. நான் வழி சொல்ல மாட்டேன்."

ஆர்டிஸ் ஓட்டுகிற பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசிக் காலத்தை வெயிலில் கழிக்க இடம் தேடி வந்த இந்த ஒரு வாரத்தில் ஆறு ஊர் பார்த்துவிட்டார்கள். அவளுக்குப் பிடித்தது கடற்கரை அடுக்குமாடி. பால்கனியில் உட்கார்ந்தால் கூழைக்கடாப் பறவை மீன் பிடிப்பது தெரியும்.

"கடல் இருக்கு. வேற என்ன இருக்கு?" என்று அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார் லோவல்.

"வேற என்ன வேணும் உனக்கு?"

"புயல் வரும், ஆர்டிஸ்."

உறைந்த ஏரியின் மேல் டிரக்கை ஓட்டிப் போய், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற மனுஷர் புயலுக்குப் பயந்தாராம்! கடலும் இல்லாத, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கிற இந்த இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஏன் என்பது நேற்றுத்தான் அவளுக்குப் புரிந்தது. செங்கல் கட்டடத்தின் வாசலில், வீடு காட்ட வந்த கார்லீனிடம் அவர் தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கதவு எப்பவும் பூட்டியிருக்குமா?"

"நம்பர் தெரியாம யாரும் வெளிய வர முடியாது சார்."

"கல்யாணம் கட்டினவங்களையே அடையாளம் தெரியாமப் போயிட்டாலும் நல்லா பாத்துப்பாங்களா?"

"எங்க நர்ஸுங்க எல்லாம் தங்கம் சார். இந்தக் குடியிருப்புக்காரங்களுக்குத்தான் முதல் இடம்."

அது மறதி நோய் முற்றியவர்களுக்கான இல்லம்.

மார்ச் மாதம் ஊரில் இருந்தபோது, ஓவனை அணைக்காமல் இருவரும் சர்ச் விருந்துக்குப் போய்விட்டு வந்தபோது வீடு முழுக்கப் புகை. அடுத்த வாரம் வீட்டுச் சாவி மாவு டப்பாவுக்குள் கிடந்தது. "உனக்கு வயசாயிடுச்சுடி" என்று பக்கத்து வீட்டு வெர்னா சிரித்தாள். லோவல் சிரிக்கவில்லை. ஆர்டிஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆர்டிஸுக்கு ஓவனும் நினைவில்லை, சாவியும் நினைவில்லை. நினைவில்லாததுதானே அந்த நோய்?

ஆக, இது பரீட்சை. வழி தவறினால் அந்தக் கட்டடம்தான் கதி.

வண்டியைக் கிளப்பினாள். லோவல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கொடிக்கம்பத்தில் இடது பக்கம். சரி. குளத்தோரம் 'முதலைக்குத் தீனி போடாதீர்கள்' என்ற பலகை. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது.

பிரேக்கை மிதித்தாள். எது? நேற்று எந்தப் பக்கம் திரும்பினோம்?

"லோவல்..."

"யோசி. அவசரமில்ல."

சொல்கிறாரா பார்! நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷர், வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தாள்.

செங்கல் கட்டடம் எதிரே வந்தது.

"ம்ம். இப்ப திரும்பு."

திரும்பும்போது இரண்டு கொக்குகள் ராஜா ராணி மாதிரி நிதானமாகப் பாதையைக் கடந்தன. காத்திருந்தாள். முதலைப் பலகை, கொடிக்கம்பம், வீடு. வண்டி நின்றது.

"ஏழு நிமிஷம்" என்று லோவல் நீளமாக மூச்சு விட்டார். "கொக்குக்காக நின்ன நேரத்தையும் சேர்த்து."

அடக்கி வைத்ததெல்லாம் ஆர்டிஸுக்கு உடைந்துவிட்டது.

"பாஸா, ஃபெயிலா? சொல்லிடு! என்னை அதுக்குள்ள போட்டுப் பூட்டத்தானே இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த? எனக்குத் தெரியும் லோவல். கார்லீன்கிட்ட நீ பேசினதக் கேட்டேன்!"

லோவல் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த டாக்டர் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

கடிதத்தில் இருந்த பெயர் ஆர்டிஸ் இல்லை.

"ஓவனைத் திருகினது நானாத்தான் இருக்கும்" என்றார். "சாவியும் நான்தான் போல. எனக்கும் ஞாபகம் இல்ல."

கடிதத்தின் எழுத்துகள் அவளுக்குக் கலங்கின.

"அப்ப என்னை எதுக்கு ஓட்ட வெச்ச?"

"கடற்கரையில வாங்கினா, இந்த மாதிரி இல்லத்துக்கு ஹைவேல நாப்பது நிமிஷம். நீ கார் தொட மாட்ட." வண்டிச் சாவியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடித்தார். "நீ யாருன்னு நான் கேக்குற நாள்லயும், யார் தயவும் இல்லாம நீ வந்து என்னைப் பார்த்துட்டுப் போகணும் ஆர்டிஸ். அதுக்குத்தான்."